கஸ்டமர் கார்பன் கணக்கு கேட்கிறாரா? வடசென்னைப் பட்டறைகளுக்கு ஒரு வழிகாட்டி

திருவொற்றியூர், மணலி, வியாசர்பாடி சிட்கோ, மாதவரம், அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி வரைக்கும் உள்ள பிரஸ் ஷாப், மெஷின் ஷாப், ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் இப்போது ஒரே கதைதான். பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் ஆட்களிடமிருந்து ஒரு மெயில் வரும், கூடவே பல ஷீட் கொண்ட எக்செல் ஒன்று. மின்சாரம் எவ்வளவு, டீசல் எவ்வளவு, தண்ணீர், கழிவு, ஸ்கோப் ஒன்று, ஸ்கோப் இரண்டு என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள். முதலாளி அதை அப்படியே அக்கவுண்ட்ஸில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் கட்டிவிட்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுப்பா" என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் போய்விடுவார். அப்படி மாட்டிக்கொண்டவருக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதற்காகப் புது சாஃப்ட்வேர் எதுவும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். அவர்கள் கேட்கிற விவரத்தில் பெரும்பகுதி உங்கள் ஆபீஸ் ஃபைலிலும் டேலி கணக்கு சாஃப்ட்வேரிலும் ஏற்கனவே இருக்கிறது. என்ன சிக்கல் என்றால், நாம் எல்லாவற்றையும் ரூபாயில் எழுதி வைத்திருக்கிறோம், அவர்கள் கேட்பது கிலோ, லிட்டர், யூனிட். டீசல் செலவு ரூ. 27,600 என்று லெட்ஜரில் இருக்கும், எத்தனை லிட்டர் என்று எங்கேயும் இருக்காது. விலை மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் ரூபாயை வைத்துப் பின்னோக்கி லிட்டரைக் கண்டுபிடிப்பது தலைவலி. பில் கையில் இருக்கும்போதே அளவையும் சேர்த்து ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே வருவதெல்லாம் அந்த அளவை எங்கே பிடிப்பது, பிடித்ததை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான்.

மெயிலை ஒழுங்காகப் படியுங்கள்

எல்லா மெயிலும் ஒன்றையே கேட்பதில்லை. யார் கேட்கிறார், எதற்காக, எந்தக் காலத்துக்கு என்று மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பங்குச் சந்தையில் உள்ள பெரிய கம்பெனி என்றால் அநேகமாக அது பிஆர்எஸ்ஆர் அறிக்கைக்காக, அதாவது சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பைக் காட்டும் அறிக்கை. சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் உள்ள கம்பெனிகள் 2022-23 நிதியாண்டிலிருந்து இந்த அறிக்கையைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வைத்திருக்கிறது. சப்ளையர்களின் விவரத்தையும் சேர்ப்பது முதல் 250 கம்பெனிகளுக்கு வருவதாக இருந்தது, பிறகு 2025 மார்ச்சில் அதை அவரவர் விருப்பம் என்று தளர்த்திவிட்டார்கள். தளர்த்தினாலும் மெயில் வருவது நிற்கவில்லை. கம்பெனிக்காரர்கள் தங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அது படிப்படியாக இறங்கி நம் வாசலில் வந்து நிற்கிறது.

ஐரோப்பாவுக்குப் போகிற இரும்பு, ஸ்டீல், அலுமினியச் சரக்கு என்றால் விஷயம் வேறு. அங்கே சிபிஏஎம் என்ற எல்லைக் கார்பன் கட்டண முறை 2023 அக்டோபரில் அறிக்கை கொடுக்கும் கட்டமாகத் தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் காசு கட்டும் கட்டத்துக்கு வந்துவிட்டது. போல்ட், நட், ஸ்க்ரூ கூட இதில் வரும். நாம் உண்மையான அளவைக் கொடுக்காவிட்டால் அவர்கள் வைத்திருக்கிற இயல்பு மதிப்பை (டிஃபால்ட் எண்ணை) போட்டுக் கணக்கிடுவார்கள், அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகத்தான் இருக்கும். இந்த ஷீட்டைச் சாதாரண கேள்வித்தாள் மாதிரி நினைத்து அவசரத்தில் நிரப்ப வேண்டாம்.

மூன்றாவது வகை, வண்டி பாகம் செய்கிறவர்களுக்குத் தெரிந்த ஐஎம்டிஎஸ். 2000-லிருந்து ஓடுகிற தளம் இது. ஒவ்வொரு பாகத்திலும் என்ன பொருள் எத்தனை கிராம் என்று அதில் ஏற்ற வேண்டும். இது கார்பன் கணக்கே இல்லை, ஆனால் மெயிலைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய. பாகத்தின் எடையும் பிளேட்டிங் விவரமும் இதற்காக ஏற்கனவே உங்கள் குவாலிட்டி ஆளிடம் இருக்கும், அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

காலம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வெளிநாட்டுக் கஸ்டமர் ஜனவரி முதல் டிசம்பர் வரை கேட்பார். வருட மொத்தமாக மட்டும் வைத்திருந்தால் இரண்டு முறை உட்கார வேண்டியிருக்கும். எதை எழுதினாலும் மாதவாரியாக எழுதுங்கள், அப்புறம் எந்த வருடத்தைக் கேட்டாலும் பன்னிரண்டு மாதத்தைக் கூட்டிக் கொடுத்துவிடலாம்.

எல்லையைப் போடுங்கள்

எந்தெந்த ஷெட் நம் கணக்கில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் நம் ஏரியாவில் பாதிப் பட்டறை இன்னொருவர் ஷெட்டில் பாதியை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது. மீட்டர் ஒன்றுதான் இருக்கும், மாதக் கடைசியில் பில்லைப் பிரித்துக்கொள்வார்கள். "நாற்பதுக்கு அறுபது" என்று வாய்மொழியாகப் பேசியது எந்த ஆடிட்டரிடமும் நிற்காது. உங்கள் பக்கத்து லைனுக்கு ஒரு சப்-மீட்டர் வைப்பதுதான் வழி. இந்த வேலை முழுவதிலும் நான் முதலில் காசு செலவழிக்கச் சொல்வது அதற்குத்தான்.

ஸ்கோப் என்பது கார்பன் எங்கிருந்து வருகிறது என்று பிரிக்கும் வகை, அதைப் பற்றி நாலு வரி. நம் வளாகத்துக்குள் நாமே எரிப்பது ஸ்கோப் ஒன்று: ஜெனரேட்டர் டீசல், ஃபர்னஸ் எண்ணெய், கேஸ், சொந்த வண்டி. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் ஸ்கோப் இரண்டு. வாங்குகிற ஸ்டீல், வாடகை வண்டி, வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க், கழிவு இதெல்லாம் ஸ்கோப் மூன்று. ஜிஎச்ஜி புரோட்டோகால் என்ற அமைப்பு போட்ட பிரிவு இது, உலகம் முழுக்க இதையேதான் பின்பற்றுகிறார்கள்.

இபி பில்லும் டீசல் கேனும்

இபி பில்லிலிருந்து தொடங்குங்கள், அதுதான் எளிது. பில்லில் கேவிஏஎச் என்று ஒரு எண்ணும் கிலோவாட் மணி என்று ஒரு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது கிலோவாட் மணி, அதாவது நாம் யூனிட் என்று சொல்வது. அவசரத்தில் பெரிய எண்ணை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். ரீடிங் எடுத்த தேதியையும் குறியுங்கள், 18-ஆம் தேதி எடுத்த ரீடிங் அந்த மாதக் கணக்கோடு சரியாகப் பொருந்தாது. ஒன்றும் மோசமில்லை, வருடம் முழுக்க ஒரே முறையில் செய்தால் போதும்.

எச்டி (உயர் அழுத்த) இணைப்பு வைத்திருந்து காற்றாலை மின்சாரம் வாங்குகிற யூனிட்டுகள் தமிழ்நாட்டில் நிறைய. அப்படியென்றால் பில்லில் காற்றாலைக்காகக் கழித்த யூனிட் தனியாக இருக்கும். அதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். மொத்தம் எவ்வளவு ஓடியது, அதில் ஒப்பந்தப்படி காற்றாலையிலிருந்து வந்தது எவ்வளவு என்று இரண்டு விதமாகவும் கேட்பார்கள். கூரையில் சோலார் போட்டிருந்தால் அதன் இன்வெர்ட்டர் ரீடிங்கும் அப்படியே.

டீசல்தான் தொல்லை. கேனில் பங்க்கிலிருந்து வாங்கி வருவது, அதில் கொஞ்சம் ஜெனரேட்டருக்கு, கொஞ்சம் ஃபோர்க்லிஃப்டுக்கு, இன்னும் கொஞ்சம் குட்டி யானைக்கு என்று போய்விடும். ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு நோட்டு கட்டித் தொங்கவிடுங்கள், ஊற்றும்போது தேதி, லிட்டர், அப்போதைய மணி மீட்டர் ரீடிங், ஊற்றியவர் பெயர். நோட்டு எண்ணெயில் ஊறி அழுக்காகும், பரவாயில்லை. மாதக் கடைசியில் போனில் போட்டோ எடுத்து அந்த மாத ஃபோல்டரில் போடுங்கள். சுத்தமான நோட்டைப் பார்த்தால்தான் ஆடிட்டருக்குச் சந்தேகம் வரும்.

இனி டேலி. பெரும்பாலான இடத்தில் டீசல், கேஸ், எண்ணெய் எல்லாம் வெறும் செலவு லெட்ஜராகத்தான் ஏறும். அதை மாற்றுங்கள். பர்ச்சேஸ் வவுச்சரில் கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் முறையை மாற்றும் பட்டியல் வரும், ஐட்டம் இன்வாய்ஸைத் தேர்ந்தெடுத்து டீசலை லிட்டர் அளவுள்ள ஸ்டாக் ஐட்டமாக ஏற்றுங்கள். கேஸ் சிலிண்டரை எண்ணிக்கையில் ஏற்றினால் 19 கிலோவா 47.5 கிலோவா என்று ஐட்டம் பெயரிலேயே எழுதுங்கள். ஏற்றுகிறவருக்கு ஒரு பில்லுக்குக் கூடுதலாக அரை நிமிஷம் ஆகும். மாதக் கடைசியில் அளவு மொத்தம் ஒரே பட்டனில் வந்துவிடும். முதல் வாரம் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

எக்செல் ஒன்று போதும்

ஒரே ஒரு ஷீட். ஒரு வரிக்கு ஒரு நிகழ்ச்சி. தேதி, என்ன பொருள், அளவு, அலகு, பில் அல்லது சலான் எண், யாரிடம் வாங்கியது அல்லது யாருக்குக் கொடுத்தது, ஸ்கேன் எங்கே இருக்கிறது, ரீடிங்கா உத்தேசமா. இவ்வளவுதான். செல்களை ஒன்று சேர்க்காதீர்கள், கலர் அடித்து அர்த்தம் வைக்காதீர்கள், மாதத்துக்கு ஒரு ஷீட் திறக்காதீர்கள். அழகாக இருக்கும், கூட்டல்தான் வராது. அலகு பத்தியில் டன், எம்டி, கிலோ என்று ஆளுக்கு ஒன்று எழுதாமல் இருக்கப் பட்டியலில் இருந்து மட்டும் தேர்ந்தெடுக்கும்படி பூட்டிவிடுங்கள்.

எமிஷன் காரணிகளை, அதாவது ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு கார்பன் டை ஆக்சைடு என்ற எண்ணை, தனி ஷீட்டில் வையுங்கள், எந்த ஆண்டின் பதிப்பு என்று பக்கத்தில் எழுதி. ஃபார்முலாவுக்குள் நேரடியாக எண்ணைப் புதைத்து வைத்தால் அடுத்த வருடம் யாராலும் தேடிப் பிடிக்க முடியாது.

இன்னொன்று, இது நம் ஊர்ப் பிரச்சினை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது மணலி, எண்ணூர் பக்கத்தில் தரையில் வைத்திருந்த சிபியுவும் கீழ்த்தட்டு ஃபைலும் எத்தனை இடத்தில் போயிற்று என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். சிபியுவை மேசைக்கு மேலே ஏற்றுங்கள், ஷீட்டைக் கூகுள் டிரைவிலோ வேறு எங்கோ தினமும் நகலெடுங்கள். ரிஜிஸ்டரைப் போட்டோ எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். அதே வெள்ளத்தில்தான் கொசஸ்தலையாற்றில் எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் படிந்தது. 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடும் மாசுப் பட்டியலில் மணலி ஏறிவிட்டது. இந்தப் பின்கோடைப் பார்த்ததுமே கஸ்டமரின் ஆடிட்டர் இரண்டு கேள்வி அதிகமாகக் கேட்பார், அதற்குப் பேப்பரோடு தயாராக இருப்பது நல்லது.

காயலான் கடை கணக்கு

எல்லோரும் மின்சாரத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஒரு பிரஸ் ஷாப்பில் பெரிய எண் அங்கே இல்லை. ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் உதாரணத்துக்கு.

மாதம் 12,000 யூனிட் மின்சாரம், 300 லிட்டர் டீசல், 19 கிலோ கேஸ் சிலிண்டர் நாலு. நம் நாட்டு கிரிட் மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் வருடாவருடம் ஒரு எண் வெளியிடுகிறது, 2023-24-க்கு அது யூனிட்டுக்கு 0.727 கிலோ. அப்படியானால் மின்சாரம் 8,724 கிலோ கார்பன் டை ஆக்சைடு. டீசல் லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ, எனவே 804. எல்பிஜி கிலோவுக்குச் சுமார் 2.98, எனவே 76 கிலோ கேஸுக்கு 226. மொத்தம் ஏறத்தாழ 9.75 டன்.

இப்போது ஸ்டீல். அதே பட்டறை மாதம் 52 டன் காயில் (சுருள் தகடு) வாங்கி 40 டன் பாகமாக அனுப்புகிறது என்று வையுங்கள். இந்தியாவில் ஒரு டன் ஸ்டீல் தயாரிக்கச் சராசரியாக இரண்டரை டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. 52 டன்னுக்கு 130 டன். மின்சாரம், டீசல், கேஸ் எல்லாம் சேர்ந்ததைப் போல் பதின்மூன்று மடங்கு! மீதி 12 டன் ஸ்கிராப்பாகக் காயலான் கடைக்குப் போகிறது. டையில் லேஅவுட்டை மாற்றியோ காயில் அகலத்தைச் சரியாகக் கேட்டு வாங்கியோ அந்தப் 12-ஐ 10 ஆக்கினால், வாங்குவது 50 டன்னாக இறங்கும், அந்த இரண்டு டன்னில் மட்டும் 5 டன் கார்பன் குறையும். மாத மின்சாரத்தில் பாதிக்கு மேல். ஷெட் முழுக்க எல்இடி மாற்றினாலும் இந்த அளவு வராது. காயிலுக்குக் கொடுத்த பணமும் மிச்சம், இதை முதலாளியிடம் முதலில் சொல்லுங்கள், மற்றதைக் கேட்கிற பொறுமை அப்போதுதான் வரும்.

ஆனால் இதைச் சொல்ல ஸ்கிராப் எடை சரியாக இருக்க வேண்டுமே. அங்கேதான் இழுபறி. ஸ்கிராப் வண்டி வரும், எடை மேடையில் ஏற்றுவார்கள், ரசீது காயலான் கடைக்காரர் கையில், நமக்கு ஒரு துண்டுச் சீட்டு. இனி வண்டி வெறுமையாக ஒரு எடை, ஏற்றிய பிறகு ஒரு எடை, இரண்டு ரசீதின் நகலும் நம்மிடம். "அண்ணே, ஆடிட்டர் கேட்கிறார்" என்று சொல்லுங்கள், கொடுத்துவிடுவார்கள், சண்டை தேவையில்லை. லேத் சுருளில் கூலன்ட் ஊறி இருந்தால் எடை கூடுதலாகக் காட்டும், ஒரு ராத்திரி சல்லடைத் தட்டில் வடியவிட்டு எடை போடுங்கள். வடிந்த கூலன்டும் மிச்சம். பஞ்சிங் ஸ்கிராப், லேத் சுருள், அலுமினியம், ரிஜெக்ஷன் பீஸ் நாலையும் நாலு தொட்டியில் பிரித்து வைத்தால் விலையும் நன்றாக வரும்.

மாதம் ஒருமுறை இந்தக் கணக்கைப் போடுங்கள்: ஆரம்ப இருப்பு, அதோடு வாங்கிய ஸ்டீல். மறுபக்கம் அனுப்பிய பாகத்தின் எடை, ஸ்கிராப், கடைசி இருப்பு. பாகத்தின் எடைக்கு டிராயிங்கை நம்பாமல் 100 பீஸை எடை போட்டு நூறால் வகுங்கள். இரண்டு பக்கமும் அச்சாகப் பொருந்தாது, இரண்டு மூன்று சதவீதம் முன்னே பின்னே இருக்கும். ஒரே மாதத்தில் எட்டு, பத்து சதவீதம் என்று விலகினால் ஏதோ வவுச்சர் விட்டுப்போயிருக்கிறது, இல்லை ஸ்கிராப் வேறு வழியில் போகிறது. இரண்டாவது என்றால் நீங்களே போய்க் கேட்க வேண்டாம், ஷீட்டை முதலாளியிடம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஸ்டீல் வாங்கும் இடத்தில் மில் சர்டிஃபிகேட்டையும் கேட்டு வையுங்கள். எந்த மில், எந்த ஹீட் எண் என்று அதில் இருக்கும். 2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் பசுமை எஃகுக்கு வரையறை வெளியிட்டது, ஒரு டன் எஃகுக்கு வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு 2.2 டன்னுக்குக் கீழே இருந்தால்தான் அந்தப் பெயர், அதிலும் நட்சத்திரப் பிரிவு உண்டு. மில் பெயர் தெரிந்தால் சராசரி எண்ணை விட்டுவிட்டு அந்த மில்லின் எண்ணைப் போடலாம். டிரேடரிடம் வாங்கினால் சர்டிஃபிகேட் தர இழுப்பார்கள், ஆர்டரிலேயே நிபந்தனையாக எழுதிவிடுங்கள்.

கழிவு எண்ணெயும் பனியன் வேஸ்டும்

இது கார்பனை விடச் சட்டப் பிரச்சினை. 2016 அபாயக் கழிவு விதிகளில் பழைய ஹைட்ராலிக், லூப் எண்ணெய்க்கு 5.1 என்று வகை எண், எண்ணெய் கலந்த கசடு 5.2, ரசாயன பேரல் 33.1, எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்ட் 33.2. பனியன் வேஸ்டைக் குப்பையில் போடுவதும் குளிருக்கு எரிப்பதும் பழக்கமாகிவிட்டது, அதை முதலில் நிறுத்துங்கள். மூடியுள்ள பேரலில் போட்டு, வகை எண்ணும் தொடங்கிய தேதியும் எழுதி ஒட்டுங்கள். 90 நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

தினசரிப் பதிவு படிவம் 3, அனுப்பும்போது கூடவே போகிற மேனிஃபெஸ்ட் படிவம் 10, வருடாந்தரக் கணக்கு படிவம் 4. கடைசி ஒன்றை ஜூன் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும். கஸ்டமர் ஷீட்டில் கேட்கிற அபாயக் கழிவு அளவும் இந்தப் படிவத்தில் உள்ள அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், இதை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு இடத்தில் இரண்டு எண் இருந்தால் எது பொய் என்றுதான் கேட்பார்கள். பழைய எண்ணெயை அங்கீகாரம் பெற்றவருக்கு மட்டும் கொடுங்கள், கேனோடு வாசலில் வந்து கூடுதல் விலை சொல்கிறவருக்குக் கொடுத்தால் மேனிஃபெஸ்ட் கிடைக்காது.

தண்ணீருக்கு லாரி ரசீதும் போர்வெல் மீட்டரும் போதும். கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி ஆலைகளுக்குக் கொடுக்கும் 45 எம்எல்டி (நாளுக்கு 4.5 கோடி லிட்டர்) நிலையம் 2019-லிருந்து இருக்கிறது. அந்தத் தண்ணீரை வாங்குகிற அளவுக்குப் பெரிய யூனிட் என்றால் அதைத் தனியாகக் காட்டுங்கள், மறுபயன்பாட்டு நீர் என்று ஷீட்டில் ஒரு கட்டம் இருக்கும்.

வெளியே போகும் வேலையும் வண்டியும்

பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட், பவுடர் கோட்டிங் இதெல்லாம் வெளியே கொடுப்பதுதான் வழக்கம். கஸ்டமர் நம்மிடம் கேட்பதை நாம் அவர்களிடம் கேட்க வேண்டும், அவர்களோ நம்மை விடச் சின்ன ஆட்கள். அவர்களுக்கு அந்தப் பெரிய எக்செலை ஃபார்வர்டு செய்யாதீர்கள், பதிலே வராது. மூன்றே கேள்வி போதும்: மாதம் எத்தனை யூனிட், எவ்வளவு எரிபொருள், மொத்தம் எத்தனை கிலோ வேலை எடுத்தீர்கள். நம் கிலோ நம் டெலிவரி சலானில் இருக்கிறது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பியதைக் காட்டும் ஜிஎஸ்டி ஐடிசி-04 படிவத்துக்காக அதை எப்படியும் தொகுக்கிறோம். அவருடைய மொத்தத்தில் நம் எடையின் பங்கைப் பிரித்துப் போட்டால் ஒரு நியாயமான எண் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்கிரீன்ஷாட்டைச் சேமியுங்கள்.

பிளேட்டிங் காரரிடம் ஒரு கேள்வி கூடுதலாக: பாசிவேஷன் (பிளேட்டிங் மேல் போடும் பாதுகாப்புப் பூச்சு) ஹெக்ஸாவேலன்ட் குரோமியமா டிரைவேலன்டா? ஐஎம்டிஎஸ்ஸில் ஹெக்ஸாவேலன்ட்தான் மாட்டும் இடம்.

வண்டிக்கு இ-வே பில் (சரக்கு அனுப்ப ஜிஎஸ்டி போர்ட்டலில் எடுக்கும் சீட்டு) ஒரு நல்ல சுரங்கம், அதை யாரும் தோண்டுவதில்லை. போர்ட்டலில் இருந்து மாதப் பட்டியலை எக்செலாக இறக்கலாம், புறப்பட்ட பின்கோடு, போய்ச் சேரும் பின்கோடு, தூரம், வண்டி எண் எல்லாம் வரிசையாக இருக்கும். தூரத்தை வண்டியின் மைலேஜால் வகுத்தால் லிட்டர், லிட்டரை 2.68-ஆல் பெருக்கினால் கிலோ. திரும்பி வருவது வெறும் வண்டி என்றால் இரண்டு மடங்கு. ஆனால் தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ள சரக்குக்கு இ-வே பில் தேவையில்லை, ஒரகடத்துக்கு அவசரமாக இரண்டு டிரே பீஸ் எடுத்துக்கொண்டு ஓடுகிற குட்டி யானை அதில் வராது. அதற்குக் கேட் ரிஜிஸ்டர்தான். ஹார்பர் கன்டெய்னர் என்றால் காத்திருந்த நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கிற டீசல் எந்தத் தூரக் கணக்கிலும் வராது.

அந்தப் பட்டியலை ஒரு தடவை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு மூன்று வண்டி போனது கண்ணில் படும். பிளானிங் ஆளிடம் காட்டுங்கள்.

கஸ்டமருக்குப் பங்கு பிரிப்பது

"எங்கள் பாகத்துக்கு மட்டும் எவ்வளவு?" என்று கேட்பார்கள். எடையை வைத்துப் பிரிப்பது எளிது. மேலே சொன்ன உதாரணத்தில் 9.75 டன்னை 40 டன் பாகத்தால் வகுத்தால் கிலோவுக்கு 0.24 கிலோ. ஸ்டீலைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒரு கஸ்டமருக்குக் கனமான பிராக்கெட்டும் இன்னொருவருக்கு மணிக்கணக்கில் மெஷினில் ஓடுகிற சின்ன பீஸும் செய்தால் எடைக் கணக்கு நியாயமாக இருக்காது, அப்போது மெஷின் மணி நேரத்தை வைத்துப் பிரியுங்கள். எதை வைத்துப் பிரித்தோம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள், அடுத்த வருடமும் அதையே பின்பற்றுங்கள்.

தெரியாத கட்டத்தில் பூஜ்யம் போடாதீர்கள். பூஜ்யம் என்றால் அளந்து பார்த்தோம், இல்லை என்று அர்த்தம். காலியாக விட்டுக் குறிப்பில் "இன்னும் அளக்கவில்லை" என்று எழுதுவது கௌரவக் குறைச்சல் இல்லை. உத்தேசமாகப் போட்ட எண்ணை உத்தேசம் என்றே சொல்லுங்கள். மற்ற கஸ்டமருக்கு எவ்வளவு செய்கிறோம் என்பது வெளியே தெரியும்படி மொத்த உற்பத்தி விவரத்தை முதலாளியைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

சாஃப்ட்வேர் எப்போது

விற்க வருகிறவர்கள் டேஷ்போர்டு காட்டுவார்கள், பச்சை வட்டம் சுற்றும். ஆறு மாத அளவு உங்கள் ஷீட்டில் ஓட்டையில்லாமல் இருந்தால் மட்டும் அவர்களோடு பேசுங்கள். அளவே இல்லாதபோது டேஷ்போர்டில் காட்ட ஒன்றும் இருக்காது. அதற்கு முன் காசு இருந்தால் கம்ப்ரஸர், ஃபர்னஸ், பெரிய பிரஸ் மூன்றுக்கும் ஆர்எஸ்-485 வெளியீடு (ரீடிங்கைக் கம்பி வழியே கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வசதி) உள்ள எனர்ஜி மீட்டர் வையுங்கள். இன்றைக்குக் கையால் ரீடிங் எடுக்கலாம், நாளைக்கு எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் அதோடு இணைக்கலாம்.

கம்ப்ரஸருக்கு மீட்டர் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினும் நின்றிருக்கும்போது கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். யாரும் காற்று எடுக்காதபோது அது ஒரு தடவை பிரஷர் ஏற்றி நின்றுவிட வேண்டும். லீக் இருந்தால் மறுபடி மறுபடி லோடு எடுக்கும். லோடில் ஓடும் நேரம், சும்மா ஓடும் நேரம் இரண்டையும் போன் ஸ்டாப்வாட்சில் அரை மணி நேரம் எழுதுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் லீக் சதவீதம். பராமரிக்காத லைனில் இருபது, முப்பது என்று வருவது சாதாரணம். அப்புறம் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு கப்ளிங், ஹோஸ் முனை, எஃப்ஆர்எல் (காற்று லைனில் உள்ள ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்) என்று ஒவ்வொரு இடமாகப் போங்கள், குமிழி வருகிற இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். திங்கட்கிழமை மெயின்டனன்ஸ் ஆள் வந்ததும் அதுதான் அவருடைய முதல் வேலை. அடுத்த ஞாயிறு திரும்ப அளந்து, இரண்டு சதவீதத்தையும் ஷீட்டில் ஏற்றுங்கள். "எரிசக்தி சேமிக்க என்ன செய்தீர்கள்" என்று கஸ்டமர் ஷீட்டில் ஒரு கட்டம் இருக்கும், அதில் எழுத உங்களிடம் இப்போது ஒன்று இருக்கிறது.